சேலையும் முக்காடும் போதாதா? (தங்கச்சி மகள் கல்யாணம் நெருங்குகிறது)

ஓய்வுபெற்ற சிஸ்டர், தாராவி

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம், ஸ்தோத்திரம். மூன்றையும் போட்டுவிட்டேன். என் வீட்டு ஆட்களும் இதைப் படித்தாலும் படிப்பார்கள்.

வயது 66. பூர்வீகம் நாசரேத் பக்கம். அப்பா தோல் கிடங்கில் கணக்கு எழுத வந்தவர், எனக்கு ஐந்து வயதில் எங்களையும் பம்பாய்க்குக் கூட்டி வந்தார். மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் 34 வருடம் நர்ஸ். 58 வயதில் ஓய்வு, அடுத்த வருடமே கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "யாருக்காக மாறினீங்க?" என்று கேட்கிறவர்களுக்குக் காட்ட ஒரு ஆண்பிள்ளை இல்லை, அதில் அவர்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

காரணம் கேட்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கத்து அறை லாத்தா (அக்கா) மவுத்தானபோது, அதாவது இறந்தபோது, குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். வார்டில் நான் எத்தனையோ உடலைத் துடைத்து, பஞ்சு வைத்து, நாடா கட்டி, சீட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறேன். மரியாதைக் குறைவாக ஒருநாளும் செய்ததில்லை, ஆனாலும் அது ஒரு வேலை. அங்கே வேறு மாதிரி இருந்தது. மையத்தின் (இறந்த உடலின்) மேல் ஒரு துணியைப் போட்டு, அந்தத் துணிக்கு அடியில் கையை விட்டே கழுவினார்கள். குளிப்பாட்டிய பெண்களே லாத்தாவின் உடம்பை முழுதாகப் பார்க்கவில்லை. பிறகு கஃபன், உடலைச் சுற்றி அடக்கும் துணி. ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து. ஐந்தில் ஒன்று தலைக்கு. செத்தவளுக்கும் வெட்கம் உண்டு என்று நினைக்கிறார்களே என்று அன்று இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. அதற்கப்புறம் நாலு வருடம் படித்தேன், கேட்டேன், யோசித்தேன். இப்போது எங்கள் பகுதியில் பெண் மையத்து என்றால் குளிப்பாட்ட என்னையும் கூப்பிடுகிறார்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். கலிமா சொன்ன வாரமே ஒரு பெண் கருப்பு புர்கா வாங்கிக் கொடுத்தாள். இரண்டு வருடம் போட்டேன். மே மாதம் பம்பாயில் அந்தத் துணிக்குள் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், கழுத்தெல்லாம் வேர்க்குரு. அது போகட்டும் என்று விட்டிருப்பேன். ஒருநாள் ரயில் நிலைய மேம்பாலப் படியில் கீழ் ஓரம் காலில் சிக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அதிலிருந்து காட்டன் சேலை, முழங்கைக்குக் கீழே வருகிற ரவிக்கை, முந்தானையால் முக்காடு. தொழும்போது மட்டும் மேலே பெரிய மக்கனா, தலையையும் மார்பையும் மூடும் துணி.

வியாழக்கிழமை பயானுக்கு (மார்க்கச் சொற்பொழிவுக்கு) வரும் சின்னப் பெண்களுக்கு இது போதவில்லை. "சிஸ்டர் இன்னும் பாதி அங்கேதான் இருக்காங்க" என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. அந்தப் பக்கம் என் தங்கச்சி. அவள் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம், சபையில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்தாகிவிட்டது. "வா, ஆனா அந்தக் கருப்பு வேண்டாம். முடிஞ்சா பழையபடி வா" என்கிறாள்.

எந்தப் பழையபடி என்றுதான் எனக்குப் புரியவில்லை. பாவாடை சட்டை போட்ட வயதிலிருந்தே சர்ச்சில் ஜெபம் தொடங்கினால் அம்மா என் தலையில் துணியை இழுத்துவிடுவாள். பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை பாதிரியார் ஐயா வாசித்து விளக்குவார், தலையை மூடாமல் ஜெபிக்கிற ஸ்திரீ தன் தலையைக் கனவீனப்படுத்துகிறாள் என்று. அப்புறம் நர்ஸ் வேலை. கஞ்சி போட்டு மடித்த வெள்ளைத் தொப்பி, இரண்டு பக்கமும் ஊசி. இப்போது முக்காடு. கணக்குப் பார்த்தால் என் தலை வெயில் பார்த்த நாள் ரொம்பக் குறைவு.

சபைக்குள் எனக்குக் கவலை இல்லை, அங்கே எல்லாப் பெண்களும் முக்காட்டோடுதான் இருப்பார்கள். வெளியே வந்து மண்டபத்துக்குப் போனதும் மற்றவர்கள் முந்தானையைக் கீழே விட்டுவிடுவார்கள், நான் ஒருத்தி விடமாட்டேன். போட்டோவில் அது தெரியும். தங்கச்சிக்கு உறுத்துவது அந்த போட்டோதான்.

வயதான பெண்களுக்கு மேலாடையில் சலுகை உண்டு என்று குர்ஆன் 24:60 இல் வருகிறதே, அது என்னைப் போன்றவளுக்குப் பொருந்துமா? சேலை முக்காட்டோடு வெளியே போய் வருகிற பெரிய பெண்கள் இங்கே இருக்கிறீர்களா? எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

காயல்காரன், மாஹிம்

வ அலைக்குமுஸ்ஸலாம் சிஸ்டர். மையத்து வேலை செய்கிற உங்களுக்கு நான் மார்க்கம் சொல்லத் தேவையில்லை. ஊர்ச் சங்கதி சொல்கிறேன்.

காயல்பட்டினத்தில் என் உம்மாவின் உம்மா கருப்பு புர்காவைத் தொட்டதே இல்லை. சேலை, அதற்கு மேல் தலையிலிருந்து முழங்கால் வரை வெள்ளைத் துப்பட்டி. வெளியே போனால் முடுக்கு வழியாகப் போவார்கள், அது பெண்கள் நடக்கவென்றே விட்ட சந்து. கீழக்கரையிலும் துப்பட்டிதான். கருப்பு எங்கள் ஊருக்குள் பரவியதெல்லாம் ஆண்கள் வளைகுடாவுக்குப் போய் வர ஆரம்பித்த பிறகு. எங்கள் பாட்டிமாரைப் பாதி முஸ்லிம் என்று சொல்ல அந்தச் சின்னப் பெண்ணுக்குத் தைரியம் வருமா?

24:60 பற்றி. இனித் திருமணத்தை எதிர்பார்க்காத முதிய பெண்கள், அலங்காரத்தைக் காட்டும் எண்ணம் இல்லாமல், மேலாடையைக் களைந்து வைத்தால் குற்றமில்லை என்று வருகிறது. ஆனால் அதே வசனத்தின் கடைசியில், பேணிக்கொண்டால் அது அவர்களுக்கு நல்லது என்றும் இருக்கிறது. மேலாடை என்பது உடைக்கு மேல் போர்த்துகிற துணி, தலைத்துணியைச் சொல்லவில்லை என்று பல விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் புர்காவை விட்டுவிட்டு முக்காட்டை வைத்திருக்கிறீர்கள். அந்த வசனம் பொருந்துமா என்று கேட்கும் முன்பே அதன்படி நடந்திருக்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உம்மு இரட்டையர், குர்லா

பெரியம்மா, நானும் கருப்பு அபாயா போடுகிறவள்தான், அந்தச் சின்னப் பெண்கள் கட்சி. அதனால் முதலில் அவர்கள் சார்பில் மன்னிப்பு. ஒருவரின் ஈமானை (நம்பிக்கையை) அளக்க நாம் யார்?

ஆனால் ஒன்று புரிந்துகொள்ளுங்கள். செம்பூரில் ஒரு கல்லூரி ஹிஜாபுக்குத் தடை போட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 ஆகஸ்டில் அந்தத் தடையை இடைக்காலமாக நிறுத்தி வைத்தார்கள். புர்கா மட்டும் வகுப்புக்குள் கூடாது என்று அப்போதும் சொன்னார்கள். அதற்கு முன்னால் கர்நாடக ஹிஜாப் தடை வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். எங்கள் வயதுப் பெண்கள் கேட் வாசலில் நின்று கழற்று என்று கேட்டு வளர்ந்தவர்கள். யாராவது தானாகக் குறைத்துக்கொண்டால் எங்களுக்குச் சுருக்கென்று இருக்கிறது. உங்கள் மணிக்கட்டுக் கதை அவர்களுக்குத் தெரியாது. சொல்லிப் பாருங்கள், வாயடைத்துப் போவார்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். கருப்பாக இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. உடம்பு மறைய வேண்டும், துணி மெல்லியதாக, இறுக்கமாக இருக்கக் கூடாது. சேலையில் வம்பு செய்வது மூன்று இடம்: இடுப்பு, கை, முன் முடி. ரவிக்கையை இடுப்புக்குக் கீழே ஒரு சாண் இறக்கி, கை மணிக்கட்டு வரை வைத்துத் தையுங்கள். முந்தானையை இடது தோளில் ஒரு ஊக்கு, தலையைச் சுற்றிக் கொண்டுவந்து வலது தோளில் ஒரு ஊக்கு. உள்ளே காட்டன் இன்னர் கேப் போட்டால் பட்டுச் சேலைகூட வழுக்காது. தொப்பிக்கு ஊசி குத்திப் பழகிய கை, உங்களுக்கு ரெண்டு நிமிஷ வேலை.

இன்னொன்று. தங்கச்சிக்கு மகன் இருந்தால் அவன் உங்களுக்கு மஹ்ரம்தான் (முக்காடு இல்லாமல் முன்னால் இருக்கக்கூடிய நெருங்கிய உறவு), அவன் எந்த மதமாக இருந்தாலும். தங்கச்சி வீட்டுக்காரர் அப்படி இல்லை. வீட்டுக்குள் எங்கே முக்காட்டைத் தளர்த்தலாம் என்று குழம்ப வேண்டாம்.

கேள்விக்குறி

34 வருடம் சொந்தக் காலில் நின்ற ஒரு பெண், ஒரு துணியைப் பற்றி முகம் தெரியாதவர்களிடம் அனுமதி கேட்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. சர்ச்சில் போட்ட முக்காடும் அடிமைத்தனம், இதுவும் அதுவே. கழற்றி வைத்துவிட்டுக் கல்யாணத்தில் சந்தோஷமாக இருங்கள் அம்மா.

ஓய்வுபெற்ற சிஸ்டர், தாராவி

தம்பி கேள்விக்குறி, நான் அனுமதி கேட்கவில்லை, ஊக்கு எங்கே குத்துவது என்று கேட்டேன். உம்மு இரட்டையர் சொல்லிவிட்டாள். தொப்பி இல்லாமல் வார்டுக்குப் போனால் மேட்ரன் வாசலிலேயே திருப்பி அனுப்புவார். அந்த 34 வருடமும் எனக்காக வருத்தப்பட ஒருவரும் வரவில்லையே. மனதில் பட்டதைச் சொன்னீர்கள், அதில் எனக்குக் கோபமில்லை.

காயல்காரன் தம்பி, உங்கள் பாட்டியின் வெள்ளைத் துப்பட்டியைப் படித்ததும் சர்ச்சில் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து ஞாயிறு ஞாபகம் வந்தது. அன்றைக்கு எங்கள் அம்மாவும் வெள்ளைச் சேலைதான். ஊரில் இருந்தபோது உங்கள் பாட்டியும் என் அம்மாவும் பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கக்கூட வாய்ப்பு உண்டு.

நாகர்கோவில் டு வாஷி

சிஸ்டர், நானும் மாறி வந்தவள். ஆனால் எனக்குக் காட்ட ஒரு ஆண்பிள்ளை இருந்தார். கல்யாணத்துக்காக மாறினேன், அவர் வீட்டார் சொன்னபடி 22 வருடம் புர்கா போட்டேன். அவர் மவுத்தாகி இத்தா (கணவர் இறந்தபின் மனைவி காத்திருக்கும் காலம்) முடிந்த அன்று அதை மடித்து அலமாரியில் வைத்தேன். எட்டு மாதம் வெறும் தலையோடு திரிந்தேன், ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. பிறகு ஒரு ரமலானில், நோன்பு திறக்கக் கஞ்சி வாங்கப் போகும்போது, தானாகக் கை துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டது. அன்றிலிருந்து போடுகிறேன். முதல் 22 வருடத்தையும் இந்த ஆறு வருடத்தையும் எனக்கு ஒரே கணக்கில் வைக்கத் தெரியவில்லை. அதனால் யார் எதைப் போடுகிறார்கள் என்று இப்போதெல்லாம் பார்ப்பதே இல்லை.

துணியை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் நீங்கள் ஒருத்திதான் முஸ்லிம். உங்களுக்கு ஒன்று ஆனால் மருத்துவமனை யாருக்கு போன் போடும்? தங்கச்சிக்கு. கல்லறைத் தோட்டமா கபர்ஸ்தானா என்று அவர்கள் தவிக்கக் கூடாது. பள்ளிவாசல் ஜமாஅத்தில் பெயர் பதிந்திருக்கிறதா பாருங்கள். உங்கள் விருப்பத்தை எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, ஒரு நகல் தங்கச்சி கையில் கொடுங்கள். அறை உங்கள் பெயரில் இருந்தால் அதையும் இப்போதே பாருங்கள். முஸ்லிம் சட்டப்படி வாரிசு அல்லாதவருக்கு உயிலில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு வரைதான் எழுதலாம். தங்கச்சி மகளுக்கு ஏதாவது தர நினைத்தால் உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக, அதாவது தானமாகக் கொடுத்துவிடுங்கள். ஒரு நல்ல வக்கீலைக் கேட்டுச் செய்யுங்கள். கல்யாணப் பரிசாகவே இருக்கட்டுமே.

ஓய்வுபெற்ற சிஸ்டர், தாராவி

வாஷிக்காரம்மா, நேற்று இரவு உங்கள் பதிலைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். காலையில் தங்கச்சியைப் போனில் பிடித்தேன். கல்யாணத்தைப் பற்றித் தொடங்காமல் கபர் விஷயத்தைத் தொடங்கிவிட்டேன், என் புத்தி அப்படி. "கல்யாண வீட்டுல பேசுற பேச்சாக்கா இது" என்று கத்தினாள். பிறகு அழுதாள். பிறகு, "உன்னை எங்க வைக்கணும்னு நெனச்சு எனக்கு ஆறேழு வருஷமா பயம், கேக்கத்தான் வாய் வரல" என்றாள். காகிதத்தை எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறாள். அவள் வீட்டுக்காரரே சாட்சிக் கையெழுத்துப் போடுவாராம்.

எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் (இமாமிடமும்) கேட்டேன். சொந்தத் தங்கச்சி மகள், உறவை வெட்டாதீர்கள், போய் உட்கார்ந்து வாருங்கள், திருவிருந்து கொடுத்தால் மட்டும் எழுந்து போகாதீர்கள் என்றார். வேறு இடத்தில் வேறு மாதிரி சொல்லக்கூடும், எனக்கு இது போதும்.

முக்காட்டுப் பேச்சைக் கடைசியில்தான் எடுத்தேன். கருப்பு இல்லை, சேலைதான், ஆனால் மண்டபத்திலும் தலையில் இருந்து இறங்காது என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்ப எல்லாப் பெரியம்மா சித்திக்கும் எடுத்த அதே சேலையை நீயும் கட்டு, போட்டோல ஒரே மாதிரி இருக்கும்" என்றாள். கத்திரிப்பூ நிறம், மெல்லிய சரிகை. மணிக்கட்டு வரை கை, இடுப்புக்குக் கீழே ஒரு சாண் என்று தையல்காரரிடம் சொன்னால், சேலையோடு வந்த ரவிக்கைத் துணி பத்தாது, இன்னும் ஒரு மீட்டர் வேண்டும் என்கிறார். அதே கத்திரிப்பூ நிறத்தில் தாதர் பக்கம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும்.