புதுப்பிப்பு: மனசு சரியில்லை என்றதும் குடிக்கும் ஹாஸ்டல் பசங்க – எது உதவியது

அரியர், வீட்டுச் சண்டை என்றாலே பைக்கை எடுத்து ஏற்காடு ஏறிக் குடிக்கும் சேலம் ஹாஸ்டல் பசங்களுக்கு என்ன வழி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

கைகொடுத்தது, உணர்ச்சியை முதலில் எழுதச் சொன்ன யோசனைதான். ‘மூடு அவுட்’ என்று எழுதினால் போதாது. அவமானமா, கோபமா, தனிமையா என்று பிரிக்க வேண்டும். பிறகு குடிப்பதை 20 நிமிடம் தள்ளிப்போட்டு, வயிறாரச் சாப்பிட்டு, யாரிடமாவது பேச வேண்டும். வேட்கை அலைபோல் ஏறித் தானாக இறங்கும். வெறும் அறிவுரை எடுபடவே இல்லை.

எதிர்பாராதது: தினமும் குடித்துவந்த தம்பிக்கு நிறுத்திய மறுநாளே கைநடுக்கம், வியர்வை. இப்படிப்பட்டவர்கள் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மனம்விட்டுப் பேச அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் இலவசம்.