மோர்ஸ் நடைமுறைக் குறிகளைக் காதால் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள்

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தோட்டத்து வேலை முடிந்து ராத்திரியில் ரேடியோவில் மோர்ஸ் (குறுகிய 'டி', நீண்ட 'டா' ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் முறை) கேட்டுப் பழகுகிறேன். எழுத்துகள் பிடிபட்டுவிட்டன, 'முடிந்தது', 'பதில் சொல்லலாம்' என்று தெரிவிக்கும் நடைமுறைக் குறிகளில்தான் திணறுகிறேன்.

ஏ, ஆர் இரண்டையும் இடைவெளி விடாமல் 'டி டா டி டா டிட்' என்று அடித்தால் செய்தி முடிந்தது. எஸ், கே சேர்ந்து வந்தால் தொடர்பே முடிந்தது. இதுவரை சரி. வெறும் கே வந்தால் யாரும் பதில் சொல்லலாம், கே.என். வந்தால் அழைக்கப்பட்டவர் மட்டும்தான். நேற்று ஜிங்க் கூரையில் மழை கொட்டியது. 'டா டி டா' மட்டும் கேட்டது, கடைசி 'டா டிட்' காதில் விழவே இல்லை. கே என்று எழுதிவிட்டேன். அமெச்சூர் ரேடியோ உரிமம் எடுத்த பிறகு இப்படித் தப்பாகக் குறுக்கே புகுந்துவிடக் கூடாதே என்று கவலையாக இருக்கிறது.

அனுபவமுள்ள அண்ணன்மார், அக்காமார் காதை எப்படிப் பழக்கினீர்கள்? ஈப்போ பக்கம் யாராவது ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கீ (மோர்ஸ் அனுப்பும் விசை) அடித்துக் காட்டினால் நானே கிளம்பி வந்துவிடுவேன்.