கேரவன் டயர்: பட்டன் இருக்கிறது, ஆனால் வெடிப்பு விட்டிருக்கிறது

கேள்வி:
காருக்குப் பின்னால் இழுக்கும் ஒற்றை அச்சு கேரவன். சாமானோடு அதிகபட்சம் 1,300 கிலோ. டயரில் பட்டன் (சாலையைத் தொடும் மேடு பள்ளம்) நன்றாகவே இருக்கிறது, பக்கவாட்டில்தான் மயிரிழை போல வெடிப்புகள். தயாரிப்பு எண் 2316. இன்னும் ஒரு பயணம் தாங்குமா?

பதில்:
போகாதீர்கள். 2316 என்றால் 2016-இன் 23-வது வாரத்தில் செய்தது. கேரவன் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடும். நான் ஐந்து வருடம் ஆனதும் சந்தேகப்படுவேன், ஏழு வருடத்தைத் தாண்ட விடுவதில்லை. ஒருமுறை கஞ்சத்தனத்தில் தாண்டவிட்டேன். வெடித்த டயர் அடித்தளத்தையே கிழித்துவிட்டது.

புதிது வாங்கும்போது சுமைக் குறியீட்டைப் பாருங்கள். 95 என்றால் டயருக்கு 690 கிலோ, இரண்டுக்கும் 1,380. உங்களுக்கு மிச்சம் வெறும் 80 கிலோ! உங்கள் ரிம்முக்கு 99 பொருந்தினால் (775 கிலோ) நிம்மதி.

கேட்டவர்:
ஸ்டெப்னியுமா? அது ஓடவே இல்லையே.

பதில்:
அதற்கும் அதே வயதுதானே! வால்வையும் மாற்றச் சொல்லுங்கள். அப்புறம், காற்றை டயர் சூடாகும் முன்பே பாருங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (சரியான அளவுக்கு இறுக்கும் ஸ்பானர்) இன்னொரு தடவை இறுக்குங்கள்.