மறு: ரேடியோ டெலஸ்கோப் அர்ரே – அணியா, நிரையா?

அன்பர்களுக்கு வணக்கம். பல ஆண்டெனாக்கள் சேர்ந்து ஒரே தொலைநோக்கியாக இயங்கும் தொகுதிதான் 'ரேடியோ டெலஸ்கோப் அர்ரே'. அந்த 'அர்ரே'யைத் தமிழில் 'அணி' என்பதா, 'நிரை' என்பதா என்ற நம் இழைக்கு என் பதில் இது.

> 'வானொலித் தொலைநோக்கி அணி' என்றே போட்டுவிடலாம். வெள்ளிக்கிழமை கண்காட்சிப் பலகை அச்சுக்குப் போகிறது.

டீச்சரின் அவசரம் புரிகிறது. ஆனாலும் 'வானொலி' வேண்டாம். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆல்மா என்ற அர்ரே எந்த ஒலியையும் கேட்பதில்லை. மில்லிமீட்டர் அளவு நீளமுள்ள ரேடியோ அலைகளைப் பிடித்துப் படமாக்குகிறது. 'கதிரலை' அழகான சொல்தான், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாது. 'ரேடியோ'வே இருக்கட்டும்.

> அணி எல்லாருக்கும் தெரிந்த சொல்.

கணிதத்தில் மேட்ரிக்ஸுக்கு 'அணி' என்றும் அதன் கிடை வரிசைக்கு 'நிரை' என்றும் பெயர். ஆகவே அதோடு மோதும் சிக்கல் இரண்டுக்கும் உண்டு, அதை விடுங்கள். அணி, அணிமை, அணித்து, அணுகு எல்லாம் 'அண்' வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. நெருக்கம்தான் அதன் உயிர். ஆல்மாவின் வலிமையோ விலகலில் இருக்கிறது. மொத்தம் 66 ஆண்டெனாக்கள். 12 மீட்டர் விட்டமுள்ள தட்டு ஆண்டெனா ஒன்று 100 டன் கனக்கும். அதை 28 சக்கர வண்டி தூக்கிக்கொண்டு போய் வேறு மேடையில் இறக்கும். தட்டுகள் 16 கிலோமீட்டர் வரை விலக விலகப் பிரிதிறன், அதாவது நுணுக்கங்களைப் பிரித்துக் காட்டும் திறன், கூடும். எல்லாவற்றின் குறிகைகளையும் (சிக்னல்களையும்) ஒரு சிறப்புக் கணினி இணைக்கிறது. 2014இல் எச்.எல். டாரி விண்மீனைச் சுற்றிய தூசித் தட்டில் இருண்ட இடைவெளிகள் வளையம் வளையமாகத் தெரிந்தது இப்படித்தான்.

ஆகவே 'நிரை' என்கிறேன். மேயும் ஆநிரை, அதாவது மாட்டுக் கூட்டம், கோடு போட்டு நிற்காது. பரந்து கிடந்தாலும் ஒரே நிரைதான்.

> கூல் யுனிவர்ஸ் = தண்ணண்டம்.

அடுத்து 'கூல் யுனிவர்ஸ்', அதாவது ஆல்மா பார்க்கும் குளிர்ந்த அண்டம். தண் + அண்டம் சேரும்போது தனிக்குறில் முன் ஒற்று இரட்டியது நன்னூல்படி சரி. ஆனால் தண்மை இதமான குளிர்ச்சி. ஆல்மா பார்க்கும் மூலக்கூறு மேகங்கள் (விண்வெளி வாயுத் திரள்கள்) பல 10, 20 கெல்வினில் கிடக்கின்றன, அதாவது மைனஸ் 250 டிகிரிக்கும் கீழே. அங்கே இதம் ஏது? 'குளிர் அண்டம்' போதும்.

இழையில் பெரும்பாலோர் அணி பக்கம். சரி, பலகையில் 'ரேடியோ தொலைநோக்கி அணி' என்றே போகட்டும். கலைச்சொல் பட்டியலில் மட்டும் 'நிரை'யை மாற்றுச் சொல்லாகப் பதிந்துவிடுங்கள். என் மறுப்பு அப்படியே நிற்கிறது. ஆண்டெனாவுக்கு 'அலைவாங்கி' பொருந்துமா என்பதைத் தனி இழையில் பேசுவோம்.