அறக்கட்டளைக்குத் தகவல் அமைப்புத் திட்டம்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையில் மாலைநேர வகுப்புகள் நடத்தும் எங்கள் அறக்கட்டளையில், பிள்ளைகளின் விவரங்கள் தமிழ் நோட்டிலும் மலையாளப் பதிவேட்டிலும் சிதறிக் கிடப்பதால், ஒரே சிறுமி இரண்டு பெயர்களில் பதிவாகியிருக்கிறாள். மூன்றாண்டுத் திட்டம் வகுக்கிறோம். முதலில் மென்பொருள் வாங்கலாமா?

பதில் 1:
ஐயா, மென்பொருளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த முடிவுக்கு எந்த விவரம் வேண்டும் என்று ஆசிரியர்களையும் கணக்கரையும் உட்காரவைத்துக் கேட்டு எழுதி, யாருக்கும் பயன்படாத கட்டங்களைப் படிவத்திலிருந்து நீக்கிவிடுங்கள். பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள். பெயரை எந்த மொழியில் எழுதினாலும் எண் மாறாது.

பதில் 2:
எங்களுக்கு இலவசமாக வந்த மென்பொருள், பராமரிக்க ஆளும் பணமும் ஒதுக்காததால் ஓராண்டில் முடங்கியது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

பதில் 3:
2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் விவரங்களுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. ஒப்புதல் படிவத்தை இரு மொழிகளிலும் அச்சிடுங்கள்.