டோகோ ஷினோடா மாதிரி பட்டைக் கோடு: ஓரம் கசிகிறது, வால் பிரிய மாட்டேன் என்கிறது

நீர்க்கோடு:
ஜப்பானிய ஓவியர் டோகோ ஷினோடாவின் சுமி (ஜப்பானியக் கரி மை) ஓவியங்களில் அகலமான கறுப்புக் கோட்டின் ஓரம் வெட்டினாற்போல் நிற்கும். வால் மட்டும் துடைப்பம் இழுத்த தடம் போல வெள்ளை வெள்ளையாகப் பிரியும். எனக்கு இரண்டும் வரவில்லை. ஷுவான் பேப்பர் (சீன மெல்லிய தாள்), பாட்டில் மை, 4 செ.மீ. ஆட்டுமுடி பிரஷ். மெதுவாக இழுத்தால் குளம் கட்டுகிறது, வேகமாக இழுத்தால் சாம்பல் நிறமாகிறது. முதல் கோட்டின் மேல் போட்ட இரண்டாவது கோடு அதற்கு அடியில் போனது மாதிரி வேறு தெரிகிறது! தப்பு எதில்?

தாள்மடிப்பு:
முதலில் பேப்பரைப் பாருங்க. ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்க. உடனே உறிஞ்சினால் அது பசை ஏற்றாத தாள், கசியத்தான் செய்யும். முத்தாக நின்றால் பசை ஏற்றியது. உங்களுக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில். ஜப்பானியர் இதற்கு 'டோசா' என்ற பசை-படிகாரக் கரைசலைப் பூசுவார்கள். 1 லிட்டர் தண்ணீரில் 15 கிராம் விலங்குப் பசையை (வஜ்ரம் வகைதான், சுத்தமானதாக) இரவு ஊறவைத்து, 60-70 டிகிரியில் கரையுங்க. கொதித்தால் பசையின் பிடிப்பு போய்விடும். கொஞ்சம் ஆறியதும் 5 கிராம் படிகாரம். இதைப் பாதியாக நீர்த்து, அகலப் பிரஷால் ஒரே வாட்டில் ஒரு தடவை பூசித் தொங்கவிடுங்க. மறுபடி தேய்த்தால் திட்டுத் திட்டாக நிற்கும், மை போட்டதும்தான் அது தெரியவரும்.

கரிப்புகை:
அளவு சரி. ஆனால் படிகாரத்தைக் கூட்டிவிடாதீங்க. அமிலம், காலப்போக்கில் தாள் பழுத்து முறியும்.

சாம்பல் நிறத்துக்குக் காரணம் மையும் பிரஷும். பாட்டில் மையை விட்டுவிட்டு மைக்கட்டியைக் கல்லில் உரைங்க: அரை ஸ்பூன் தண்ணீரில் தொடங்கி, அழுத்தாமல் வட்டமாக. கட்டியை இழுத்த தடம் கல்லில் சட்டென்று மூடாமல் ஒரு நொடி நின்றால் பதம். ஆட்டுமுடி தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்கும். கடைசி வரை ஈரம் விட்டுக்கொண்டே இருந்தால் வால் எப்படிப் பிரியும்? குதிரைமுடி விறைப்பானது, மை குறைந்ததும் தானே பிரியும். நனைத்துப் பிழிந்து, மையில் தோய்த்து, ஒரு பக்கத்தை மட்டும் கல் விளிம்பில் வழித்துவிடுங்க. தாளின் சொரசொரப்பான பக்கத்தில், மணிக்கட்டை ஆட்டாமல் தோளிலிருந்து இழுங்க. அடியில் கம்பளித் துணி அவசியம்.

நீர்க்கோடு:
நன்றி. அந்த 'அடியில் போகும்' கோடு?

தாள்மடிப்பு:
அது தப்பே இல்லை, மையின் குணம். முதல் கோட்டிலுள்ள பசை தாளின் இழைகளை அடைத்துவிடுகிறது, இரண்டாவது மைக்கு உள்ளே போக இடமில்லை. அதனால் முதல் கோடே மேலே நிற்கும். வெட்டும் இடத்தில் எது முந்தியது என்று இதை வைத்தே படிக்கலாம். முன்னால் தெரிய வேண்டிய கோட்டை முதலில் போடுங்க, அவ்வளவுதான்.

கரிப்புகை:
காற்றையும் கணக்கில் எடுங்க. ஷினோடா 1956-ல் நியூயார்க் போய் 1958-ல் ஜப்பான் திரும்பியதற்கு அங்குள்ள வறண்ட காற்றும் ஒரு காரணம். மை சட்டென்று காய்ந்துவிடும். ஏசி அறையில் கசிவே வராது, கொஞ்சம் கசிவு வேண்டுமென்றால் தாளின் பின்புறம் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்க.

இன்னொன்று: நேற்று உரைத்த மையை இன்று எடுக்காதீங்க. பசை கெட்டுக் கரித்துகள் திரண்டிருக்கும். கசிவு அழகாகத்தான் தெரியும், ஆனால் ஓவியத்தின் பின்னால் இன்னொரு தாள் ஒட்ட நனைக்கும்போது கறுப்பு ஓடி வெள்ளையெல்லாம் பாழாகிவிடும்.