புதுப்பிப்பு: மண்டபம் பாசி பாக்டீரியா கணக்கு
போன மாதம் இதே இழையில், மண்டபம் கடற்பாசியில் வாழும் பாக்டீரியாவுக்கு என் கணினி மாதிரி குளுக்கோஸை உடைக்க எப்போதும் வழக்கமான கிளைக்கோலிசிஸ் என்ற வினைப் பாதையையே தேர்கிறது என்று எழுதியிருந்தேன். தவறு பிடிபட்டுவிட்டது. ஒரு குளுக்கோஸுக்கு அந்தப் பாதை 2 ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) தருகிறது. குளுக்கோஸை உடைக்கும் மாற்று வழியான என்ட்னர்–டவுடராஃப் பாதை 1 மட்டுமே. நான் வரவை எண்ணினேன், நொதிகளுக்கான புரதச் செலவைக் கழிக்கவில்லை.

பாம்பனில் பாசி எடுக்கும் அக்கா ஒருவர், ஈரப் பாசியை மணலில் உதறிக்கொண்டே, "தூரம் போனால் நிறையக் கிடைக்கும் தம்பி, டீசல் காசைக் கழிக்க வேண்டாமா?" என்றார். அன்றிரவே மாதிரியைத் திருத்தினேன்.

வழக்கமான பாதையில் ஆல்டோலேஸ் என்ற நொதி நடத்தும் வினை சமநிலைக்கு அருகில் முன்னும் பின்னும் ஓடுவதால் அந்த நொதி ஏராளமாகத் தேவைப்படுகிறது. ஆக்சிஜன் கிடைக்கும்போது இப்போது என்ட்னர்–டவுடராஃப் பாதையே வெல்கிறது! அடுத்து, செல்லுக்குள் உள்ள நொதி அளவுகளோடு ஒப்பிடப் போகிறேன்.